கசிவின்மை அலுவலர்

“மனித நாகரிகமே ஒரு கசிவுலதான்யா ஆரம்பிச்சிருக்கு. மேகம் கசிஞ்சாதான் மழை. மலை கசிஞ்சாதான் ஆறு. அதனால கசிவுன்னு ஒண்ணைப் பாத்தா முகத்தைச் சுளிக்கக் கூடாது. எங்க பாத்தே?”

“படகோட பின்பக்கம் சார். தண்ணி மேல கலர் கலரா, வானவில்லைப் பிழிஞ்சு விட்ட மாதிரி நிக்குது. தொட்டு மோந்து பாத்தேன். கியர் ஆயில்.”

“நீயேதான் பாத்தியா?”

“ஆமா சார்.”

“உனக்கு முன்னாடி வேற யாராவது?”

“இல்ல சார். நான்தான் மொதல்ல.”

மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். படகுத்துறையில் வெயிலிலும் மழையிலும் டிக்கெட் கிழித்துக் கிழித்து விரல் நுனி தேய்ந்த கை அது. அதை மேலாளர் விடவே இல்லை. அப்படியே கைப்பிடியாக அழைத்துப்போய் அடுத்த அறையைத் திறந்து, அங்கே இருந்த சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார். “உக்காருங்க” என்றார். ‘உக்காரு’ வாசல்படியிலேயே நின்றுவிட்டது. ‘உக்காருங்க’ மட்டும்தான் அறைக்குள் வந்தது. எனவே இந்த இடத்திலிருந்து நாமும் அவனை ‘அவர்’ என்று எழுதுவதே முறை. அவர் இப்போது கசிவு அலுவலர்.

நடந்தது இதுதான். ஒரு கோடியில் அணை கட்டிய ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் நீர்வழிக் கழகத்துக்குப் படகு ஒன்று, அறைகள் பல. கழகத்தின் பொன்மொழி ஒவ்வோர் அறைச் சுவரிலும் பச்சை மையில் எழுதியிருக்கும்: ‘கண்டவரே பொறுப்பு’. ஒரு பழுதை முதலில் பார்ப்பவர் எவரோ, அது தீரும்வரை அவரே அதற்குத் தாயும் தந்தையும். இந்த விதி வருவதற்கு முன்பு கழகத்தில் நாள்தோறும் புகார்கள். வந்த பிறகு பழுது என்பதே கிடையாது. மாடிப்படியில் ஒரு படி உடைந்திருக்கிறது. எல்லோரும் அந்த இடத்தில் மட்டும் மான் போலத் துள்ளுகிறார்கள், ஏன் துள்ளுகிறோம் என்பதை எவரும் கண்டதில்லை. கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் உரக்கப் பாடிக்கொண்டிருப்பார். அதன் பயனாகக் கழகத்தில் இசை வளர்ந்தது.

டிக்கெட் கிழிக்கிறவர் தற்காலிக ஊழியர். படகுத்துறையிலேயே இருந்ததால் சுவரைப் படிக்க அவருக்கு வாய்த்ததில்லை. ஒரு பாவமும் அறியாமல் தண்ணீரைப் பார்த்துவிட்டார்.

அவர் கெட்டிக்காரர்தான். மேலாளர் கதவைச் சாத்துவதற்குள் கேட்டுவிட்டார்: “சார், இந்தப் பதவி நிரந்தரமா?”

“அது உங்க கையில இல்ல, கசிவு கையில இருக்கு. தற்காலிகக் கசிவுக்குத் தற்காலிக அலுவலர். நிரந்தரக் கசிவுக்கு நிரந்தர அலுவலர்.”

இப்படிப்பட்ட நீதி வேறெங்கே கிடைக்கும்?

அன்று மாலை வீட்டில் சேதி பரவிய வேகத்தில் கியர் ஆயில்கூடப் பரவியிருக்காது. அவருடைய மனைவி வாசலிலேயே நின்று தெருவுக்கு அறிவித்தாள். மனைவியின் அண்ணன், துணிக்கடை வைத்திருக்கும் மச்சான், அதுவரை தன் தங்கை கணவரை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் “தண்ணிப் பக்கம் ஏதோ வேலை” என்று சொல்லி, அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்தாமல் விட்டுவிடுவார். அன்றைக்கு அவரே தேடி வந்து, “மாப்ளே, சொல்லவே இல்லையே” என்று தோளில் கை போட்டார். அந்தக் கை அங்கே விழுந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதன் கனம் அலுவலருக்குப் பிடித்திருந்தது. மறுபடியும் வெயிலில் நின்று டிக்கெட் கிழித்தால் அந்தக் கை எடுக்கப்பட்டுவிடும் என்பதும் அவருக்கு அப்போதே தெரிந்தது.

“நிரந்தரம் ஆயிடுமில்ல?” என்றாள் மனைவி, அண்ணன் போனதும்.

“கசிவு நல்லபடியா இருந்தா ஆயிடும்.”

“இருக்கும்ங்க. நான் வேண்டிக்கிறேன்.”

கசிவை ஆராய மறுநாளே கூட்டம் போடப்பட்டது. படகைப் போய்ப் பார்க்கலாம் என்று அலுவலர் மெதுவாகச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. போய்ப் பார்ப்பதா? பார்த்துவிட்டால்? ஆகவே வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வரவழைக்கப்பட்டார். ஆறு நாற்காலி போடக்கூடிய அறையில் அவர் காதோடு ஒட்டிய மைக் மாட்டிக்கொண்டு பேசினார். கசிவு என்பது படகின் பிரச்சினை அல்ல, படகு நம்மோடு பேச விரும்பும் முயற்சி என்றார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். கழகத்தாருக்கு அது கைவந்த கலை. சொல்லி முடிப்பதற்குள் மூடிவிட்டார்கள். அவரவருக்குள் என்ன கசிகிறது என்று சொல்லச் சொன்னார். காசாளர் தன் தலைமுடி கசிந்துகொண்டிருப்பதாகச் சொல்லி விம்மினார். தட்டச்சு செய்யும் அம்மாள், தன் வீட்டு ரகசியம் முழுதும் நாத்தனார் வழியாகக் கசிவதாகச் சொன்னாள். பக்கத்து இருக்கைக்காரர் ஆறுதலாக, “ஆமாங்க, எங்க தெரு வரைக்கும் வந்திருக்கு” என்றார்.

கூட்டத்தின் முடிவில் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. ‘கசிவு’ என்ற சொல் படகின் மனத்தைப் புண்படுத்துவதால், இனி அது ‘கியர் ஆயிலின் விருப்ப ஓய்வு’ என்று அழைக்கப்படும். எல்லோரும் கைதட்டினார்கள். வெளியே தண்ணீரின் மேல் வானவில் கொஞ்சம் அகலமாகியிருந்தது.

அலுவலருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. ஒரு பதவியில் உட்கார்ந்துவிட்டு அதன் வேலை என்னவென்று தெரியாமல் இருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. இளம் அலுவலர்களுக்கு வரும் நோய் இது; நாளடைவில் சரியாகிவிடும். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார்.

மெக்கானிக்குக் கழகத்தில் ‘காது டாக்டர்’ என்று பெயர். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து நோயைச் சொல்லிவிடுவார். நிழலிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். கழகத்தோடு அத்தனை வருடப் பழக்கம். எதையும் பார்க்காமலே ரிப்பேர் செய்யப் பழகியிருந்தார்.

அவர் விளக்கியது இது. இஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறது. அதிலிருந்து பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே ஒரு இரும்புக் கால் தண்ணீருக்குள் இறங்குகிறது. காலின் நுனியில் புரொப்பல்லர். காலுக்குள்ளே பல்சக்கரங்கள், அவை முழுகுகிற அளவுக்குக் கியர் ஆயில். எங்கெல்லாம் ஒரு தண்டு காலுக்குள் நுழைகிறதோ அங்கெல்லாம் ஆயிலைப் பிடித்து நிறுத்த ஒரு ரப்பர் வளையம், அதாவது சீல். எந்த சீல் போயிற்று என்று கண்டுபிடிப்பது பஞ்சர் கடை வேலைதான். படகைச் சரிவில் இழுத்துப் போட்டு, காலுக்குள் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் பூசினால் பஞ்சர் ஆன இடத்தில் குமிழி வரும்.

“எவ்வளவு நேரமாகும்?”

“மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதும் சார்.”

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது படகை இழுத்துப் போட்டார்கள். மெக்கானிக் ஆயிலை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பைச் சொருகிக் காற்றடித்தார். காற்றின் அளவு காட்டும் முள்ளை அலுவலர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பூசினார். பிறகு படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“முள்ளு இறங்குதா சார்?”

“நீங்க பாக்கலாமே?”

“எனக்குக் காதுதான் சார் தொழில்.”

அலுவலர் ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் பார்த்தார். முள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. புரொப்பல்லருக்குப் பின்னால் குமிழிகள் திருவிழாக் கூட்டம் போல முட்டி மோதிக்கொண்டு வந்தன.

“குமிழி வருதா?”

“வர்ற மாதிரி கேக்குது.”

“எங்க கேக்குது?”

“புரொப்பல்லருக்குப் பின்னாடி.”

மெக்கானிக் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, தடவித் தடவிப் புரொப்பல்லரைக் கழற்றி எடுத்தார். உள்ளே தண்டைச் சுற்றி, வளையல் அடுக்கிய மாதிரி, நைலான் நூல் இறுகிக் கிடந்தது. மீன் தூண்டில் நூல். அது சுழன்று சுழன்று சீலின் ரப்பர் உதட்டைக் கத்தி போல அறுத்திருந்தது. நூலை வெட்டி எறிந்து சீலை மாற்றினால் தீர்ந்தது வேலை. ஒரு கசிவின் ஆயுள் அவ்வளவுதான்; ஒரு பதவியின் ஆயுளும்.

ஆனால் அலுவலர் திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டது அதனால் மட்டுமல்ல. நூல் கிளிப்பச்சை நிறத்தில் இருந்தது. விடுமுறை தோறும் ‘ஆய்வுப் பயணம்’ என்று படகை எடுத்துக்கொண்டு போய், பின்பலகையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர் கழகத்தில் ஒரே ஒருவர். கிளிப்பச்சை நூலை வாங்கிய அன்று அதை அறை அறையாகக் கொண்டுபோய்க் காட்டி, “இழுத்துப் பாருங்க, அறுந்தா சொல்லுங்க” என்றவரும் அவரே. அவர் மேலாளர்.

“சார், என்னமோ கையில வழவழன்னு படுது. நூலா?” என்றார் மெக்கானிக், ஏரியைப் பார்த்தபடி.

“நான் எதையும் பாக்கல.”

“நானும்தான். மாட்டிடட்டுமா?”

“மாட்டிடுங்க.”

“இருந்தபடியேவா?”

“நான் பாக்காதது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“சரி சார். நீங்க பாக்காததை நான் தொடாம மாட்டிடறேன்.”

மெக்கானிக் வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றி, புரொப்பல்லரை மாட்டினார். அந்த வாரம் கழகத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில், குமிழிகள் ‘செவிவழியாக’ அறியப்பட்டதாகவும், காரணம் ஆய்விலிருப்பதாகவும், இக்கசிவுக்கு நிரந்தரத்தன்மை உண்டென நம்ப இடமிருப்பதாகவும் அலுவலர் குறிப்பிட்டார். மேலாளர் வரிக்கு வரி ரசித்தார்.

வீட்டில் மட்டும் அவர் உண்மையைச் சொன்னார். “தண்ணியைப் பாத்ததால நாற்காலி வந்துச்சு. நூலைப் பாத்து அதை விட்டுடப் போறீங்களா?” என்றாள் மனைவி. பிறகு, அவள் குரல் தணிந்தது. “எங்க அண்ணன் நேத்து கடையில வாடிக்கையாளர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டு இருந்துச்சுங்க. நான் பின்னாடி நின்னு கேட்டேன்.”

படகு போய் வந்துகொண்டிருந்தது. இஞ்சின் பக்கத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டி உண்டு. காலுக்கான ஆயில் அதில் குறைந்தால் ‘கீ கீ’ என்று கத்தும். அது கத்த ஆரம்பித்தது. கேட்டவர் பொறுப்பு என்று சுவரில் எழுதவில்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு என்று படகோட்டி ரேடியோவை உரக்க வைத்தார். கத்தல் வலுக்க வலுக்கப் பாட்டும் வலுத்தது. பயணிகளை மகிழ்விப்பதற்காக அவருக்குப் பாராட்டு வழங்கப்பட்டது. புட்டி ஒருநாள் தொண்டை கட்டி ஓய்ந்தது.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு காலையில் அலுவலர் தன் கசிவை விசாரிக்கப் படகுத்துறைக்குப் போனார். தண்ணீர் தெளிவாக இருந்தது. வானவில் இல்லை. குனிந்து பார்த்தார், கையால் அளைந்து பார்த்தார், மோந்து பார்த்தார். வெறும் ஏரி வாடை. பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர் போல மெக்கானிக்கிடம் ஓடினார்.

“கசிவு நின்னுபோச்சுங்க.”

“நிக்கத்தானே செய்யும் சார். ஆயில் இருந்தாத்தானே கசியறதுக்கு? அது வெளிய வந்த வழியாவே தண்ணி உள்ள போயாச்சு. இப்ப காலுக்குள்ள இருக்கறதும் ஏரிதான். ஏரி ஏரிக்குள்ள கசிஞ்சா யாருக்குத் தெரியும்?”

“ஆயில் ஊத்துனா?”

“மறுபடி வானவில்.”

“ஊத்தலைன்னா?”

மெக்கானிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கண்கள் உண்டென்பதை அலுவலர் அன்றுதான் அறிந்தார். “அது பாக்கற விஷயம் இல்ல சார், கேக்கற விஷயம். அக்கரை வரைக்கும் கேக்கும்” என்று சொல்லி, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அலுவலர் தன் அறைக்குத் திரும்பியபோது மேலாளர் இனிப்போடு காத்திருந்தார். செய்தி முந்திக்கொண்டுவிட்டது. “ஒழிச்சுட்டீங்களே, கசிவையே ஒழிச்சுட்டீங்களே” என்றார் நா தழுதழுக்க. விருப்ப ஓய்வு எடுத்த ஆயிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“அப்ப என் பதவி சார்?”

“யோசிச்சுப் பாருங்க. கசிவு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். கசிவு இல்லாம இருக்கறதுதான் நிரந்தரம். அதைக் கண்ணும் கருத்துமா காக்க ஒரு நிரந்தர அலுவலர் வேணாமா? இயக்குநரே வர்றார். நடு ஏரியில, அதே படகுல, அவர் கையால ஆணை. குடும்பத்தோட வந்துடுங்க.”

‘கசிவின்மை அலுவலர்.’ அவர் அறை மூலையில் ஒரு டின் கியர் ஆயில் இருந்தது. பதவியோடு வந்த ஒரே கருவி. மேலாளர் போனபிறகு அவர் அதைத் தூக்கினார். கனமாக இருந்தது. தூக்கியபடியே வாசல்வரை வந்தார். ஆயில் ஊற்றினால் தண்ணீரில் நிறம். நிறம் தெரிந்தால் கசிவு. கசிவு இருந்தால் கசிவின்மை இல்லை. அது இல்லையென்றால் வெயில், டிக்கெட், தோளிலிருந்து எடுக்கப்படும் ஒரு கை. டின்னை இருந்த இடத்திலேயே, தூசித் தடம் பிசகாமல், திரும்ப வைத்தார். அதையும் வீட்டில் மட்டும் சொன்னார்.

விழா நாளன்று காது டாக்டருக்குக் காது வலி. அவர் கரையிலேயே நின்றுகொண்டார். இயக்குநர், மேலாளர், காசாளர், தட்டச்சு அம்மாள், அலுவலர், அவர் மனைவி, புது வேட்டியில் மச்சான் என்று படகு நிறைந்தது. இயக்குநர் எழுந்து, கண்டும் காணாமல் விடுகிற காலத்தில் கண்டதைச் சொன்ன ஒரு மனிதர் என்று அலுவலரைப் பற்றித் தொடங்கினார்.

நடு ஏரியில் படகின் இரும்புக் காலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மிக்ஸியில் கரண்டி விழுந்த மாதிரி சத்தம். இயக்குநர் அரை நொடி தயங்கி, குரலை உயர்த்திக்கொண்டார். சத்தமும் உயர்த்திக்கொண்டது. கரிந்த வாடை எழுந்தது. மேலாளர் மூக்கை உறிஞ்சி, காற்று மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். காசாளர் கண்ணை மூடிக்கொண்டார். படகோட்டி ரேடியோவைத் திருகினார். பிறகு ‘டக்’ என்று ஓர் ஒலி, எலும்பு முறிவது போல. இஞ்சின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. படகு நின்றுவிட்டது.

படகோட்டி சக்கரத்தை இடமும் வலமும் வளைத்து ஓட்டிக்கொண்டே இருந்தார், முகத்தில் வேகத்தோடு.

“என்ன மாப்ளே, படகு…” என்று ஆரம்பித்த மச்சானின் காலைத் தங்கை செருப்போடு மிதித்தாள்.

“படகு ரொம்ப நல்லா இருக்கு” என்று மச்சான் முடித்தார்.

காற்று படகை மெல்லத் திருப்பியது. கரை அவர்களைச் சுற்றி வந்தது. நான்கு பக்கமும் காட்டுவது நல்ல ஏற்பாடு என்று இயக்குநர் பாராட்டி, ஆணையை அலுவலரின் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது இன்னொரு சத்தம் கேட்டது. ஏரி, அணையின் மேல் வழிந்து கீழே பாறைகளில் விழுகிற சத்தம். அது நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் கைதட்டினார்கள்.

“ஏங்க” என்றாள் மனைவி மிக மெதுவாக. அவள் விரல்கள் அவருடைய விரல்களைத் தேடின. “நீங்கதானே ஆபீசர்?”

“நான் கசிவின்மைக்கு. படகு நிக்கறது என் இலாகா இல்ல” என்றார். அவருக்கே தன் குரல் மேலாளரின் குரலைப் போலிருந்தது.

அந்தப் படகில் குருடர் ஒருவர்கூட இல்லை; செவிடர் ஒருவர்கூட இல்லை. நூலை விட்டவர் இருந்தார், கத்திய புட்டிக்குப் பாட்டுப் போட்டவர் இருந்தார், டின்னைத் தூக்கித் திரும்ப வைத்தவர் இருந்தார், வைத்தது தெரிந்து நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தவளும் இருந்தாள். கண்டவரே பொறுப்பு என்றால், உலகத்திலேயே குற்றமற்ற படகு அதுதான். அப்படியே, ஒரு குறையுமில்லாமல், நேர் எதிரே வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்த நீர்விளிம்பை நோக்கி அது போய்க்கொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி, துடுப்புப் படகில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். கழகத்தைச் சேராதவர். அவர் வலையை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தார். அலுவலர் ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இயக்குநர் அடுத்த பக்கத்துக்குப் போகும்வரை காத்திருந்து, படகின் விளிம்பில் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்:

“அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க படகு நின்னுபோச்சுன்னு எங்ககிட்ட கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?”